பழைய ஒர்க்ஸ்டேஷனில் நாணயம் தோண்டலாமா?

பெரிய நிறுவனங்களில் நான்கைந்து ஆண்டுகள் உழைத்த கணிப்பொறிகள், கழிக்கப்பட்டதும் ஏலத்தில் மொத்தமாக விலைபோகின்றன. அவற்றை வாங்கித் தூசி தட்டி, பழுதான பாகங்களை மாற்றி விற்கும் கடைகளைச் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமன்றி இன்று பல ஊர்களிலும் காணலாம். அத்தகைய கடைகளின் மூலையில் சில வேளை ஒரு கனத்த பெட்டி நிற்கும். தூக்கினால் மூச்சு வாங்கும். எச்.பி. இசட்-800, டெல் பிரிசிஷன் டி-7500 என்பன போன்ற பெயர்கள் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். இது அலுவலகங்களில் நாம் காணும் சாதாரண மேசைக் கணிப்பொறி அன்று. திரைப்பட வரைகலை, எந்திர வடிவமைப்பு, கட்டடப் பொறியியல் முதலிய கடும் வேலைகளுக்கென்றே செய்யப்பட்ட ஒர்க்ஸ்டேஷன். புதிதாய் வந்தபோது பெரும் விலைக்கு விற்ற இப்பெட்டி, இன்று மிகச் சிறு தொகைக்குக் கிடைக்கிறது.

"இதை வாங்கி இரவும் பகலும் ஓடவிட்டால் கிரிப்டோ நாணயம் தோண்டி எடுக்கலாம். சில மாதங்களில் போட்ட முதல் திரும்பிவிடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அப்படி நடந்ததுண்டு. இன்றும் நடக்குமா என்பதை அறிய வல்லுநர் எவரையும் தேடிப் போக வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆயின், எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்பது தெரிய வேண்டும்.

எதைத் தோண்டுகிறார்கள்?

கிரிப்டோ நாணயம் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் பேரேடு. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை அதில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இப்பேரேட்டைக் காக்க வங்கியோ அரசோ இல்லை. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஆளுக்கொரு படி வைத்திருக்கின்றன. அப்படியானால் அடுத்த பக்கத்தை எழுதி முத்திரையிடும் உரிமை யாருக்கு? 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் இதற்கு ஒரு வழி கண்டது. கடினமான ஒரு தேடலில் முதலில் வெல்பவருக்கே அந்த உரிமை. அவருக்குப் புதிய நாணயங்கள் கூலியாகவும் கிடைக்கும். இத்தேடலைத்தான் மைனிங், அதாவது தோண்டுதல், என்கிறார்கள்.

தேடல் இவ்வாறு நடைபெறுகிறது. பக்கத்தில் உள்ள விவரங்களோடு ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்து, ஹாஷ் என்னும் கணித அரைவைக்குள் செலுத்துகிறோம். மறுபுறம் 64 இலக்கங்கள் கொண்ட ஒரு விடை வந்து விழுகிறது. இது பதினாறடிமான எண் ஆதலால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் 16 வாய்ப்புகள் உண்டு. உள்ளே ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் விடை முழுதும் மாறிவிடும். விடையிலிருந்து மூலத்துக்குப் பின்னோக்கிப் போகவும் வழி கிடையாது. நிபந்தனை யாதெனில், விடையின் தொடக்கத்தில் இத்தனை பூச்சியங்கள் இருக்க வேண்டும். முதல் இலக்கம் பூச்சியமாக அமைய 16 முயற்சிகளில் ஒரு வாய்ப்பு. முதல் இரண்டும் பூச்சியமாக 256இல் ஒன்று. முதல் பத்தும் பூச்சியமாகச் சுமார் 1,10,000 கோடியில் ஒன்று! குறுக்கு வழி இல்லை. எண்ணை மாற்றி மாற்றி அரைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இங்கே நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிட்காயினில் பத்து நிமிடங்களுக்கு ஒரு பக்கம்தான் முடிய வேண்டும். போட்டியாளர் பெருகி வேகம் கூடினால், 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை நிபந்தனை தானாகவே இறுக்கப்படுகிறது. ஓர் ஊர்க்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நாளொன்றுக்கு ஊறும் நீர் இவ்வளவுதான். பத்துப் பேர் வாளி விட்டாலும் அதே நீர். ஆயிரம் பேர் மோட்டார் வைத்தாலும் அதே நீர். உங்களுக்குக் கிடைப்பது, மொத்த இறைப்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவு. மின்கட்டணம் மட்டும் ஓடிய நேரத்துக்கு முழுதாகக் கட்ட வேண்டும். பிட்காயின் கிணற்றிலோ ஊற்றும் சுருங்கி வருகிறது. தொடக்கத்தில் பக்கத்துக்கு 50 நாணயமாக இருந்த கூலி, ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று.

கிராபிக்ஸ் கார்டின் காலம்

முதலில் சாதாரண ப்ராசஸர்களே தோண்டின. 2010இல் கிராபிக்ஸ் கார்டு களத்தில் இறங்கியது. திரையில் உள்ள இருபது லட்சம் புள்ளிகளுக்கும் நிறத்தை ஒரே நேரத்தில் கணக்கிடப் பிறந்த கருவி அது. ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்வதற்கு ஒப்பாகும். 2013இல் பிட்காயினின் ஹாஷை மட்டுமே செய்யத் தெரிந்த தனிச் சில்லுகள் சந்தைக்கு வந்தன. அத்துடன் பிட்காயினில் வீட்டுக் கணிப்பொறியின் கதை முடிந்தது.

2015 ஜூலையில் தொடங்கிய எதீரியம் வேறு உத்தியைக் கையாண்டது. ஒரு ஹாஷ் செய்ய வேண்டுமானால், ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட பெரிய அட்டவணை ஒன்றிலிருந்து 128 பைட் வீதம் 64 முறை, முன்கூட்டி அறிய முடியாத இடங்களில் படித்து வர வேண்டும். அதாவது ஒரு ஹாஷுக்கு 8,192 பைட். இதனால் கணக்கிடும் வேகம் பின்தங்கி, நினைவகத்திலிருந்து எடுத்துவரும் வேகம் முன்னுக்கு வந்தது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ்.-580 அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் நினைவகம் வினாடிக்கு 25,600 கோடி பைட் தரவல்லது. 8,192ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்குச் சுமார் 3 கோடி ஹாஷ் வருகிறது. நடைமுறையிலும் நன்கு சீர்செய்யப்பட்ட அட்டைகள் ஏறக்குறைய இந்த அளவையே எட்டின. தொழிற்சாலைச் சில்லுகளோடு வீட்டு அட்டையும் ஓரளவு போட்டியிட முடிந்ததற்கு இதுவே காரணம்.

பழைய பெட்டிக்கு வந்த மவுசு

2017இலும், பின்னர் 2020, 2021 ஆண்டுகளிலும் எதீரியத்தின் விலை ஏறியபோது அட்டைகளுக்குப் பெரும் தட்டுப்பாடு உண்டாயிற்று. அட்டை கிடைத்தாலும் அதை எதில் செருகுவது? வேலை செய்வது அட்டையே. மதர்போர்டு, ப்ராசஸர், ராம் எல்லாம் வெறும் சுமைதாங்கிகள். சுமைதாங்கிக்கு அதிகம் செலவழிப்பானேன் என்று எண்ணியவர்களின் கண்ணில் பழைய ஒர்க்ஸ்டேஷன் பட்டது.

அதன் சிறப்பு எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியில் உள்ளது. அலுவலகக் கணிப்பொறியில் இது பெரும்பாலும் 300 வாட்டுக்கு உட்பட்டது. இசட்-800இல் 850 அல்லது 1,110 வாட். டி-7500இல் 1,100 வாட். எல்லாம் நாள் முழுதும் முழுச் சுமையில் ஓடும்படி செய்யப்பட்டவை. அட்டைகளைச் செருக அகலமான துளைகளும் பல உண்டு. காற்று செல்லும் வழியும் நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டது. இவற்றைப் புதிதாகத் தனித்தனியே வாங்குவதைவிட முழுப் பெட்டியும் மலிவாக முடிந்தது.

அமைக்கும் முறை எளிது. இரண்டு அட்டைகளைப் பெட்டிக்குள்ளேயே பொருத்துவார்கள். மேலும் வேண்டுமானால் ரைசர் என்னும் சிறு பலகையைக் கம்பி நீட்டி வெளியே வைத்து அதில் அட்டையைச் செருகுவார்கள். தோண்டும்போது மதர்போர்டுக்கும் அட்டைக்கும் இடையே சிறிதளவு செய்தியே போய் வருவதால் மெல்லிய இணைப்பே போதுமானது. ஆனால் மின்சாரம் மெல்லியதாக இருக்கலாகாது. பலர் வீட்டில் கருகல் நாற்றம் கிளம்பியது இந்த இடத்தில்தான். அட்டை தன் துளை வழியே 75 வாட் வரை இழுக்கலாம். ஹார்டு டிஸ்க்குக்கு உரிய சாட்டா செருகியோ 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். கைக்குக் கிடைத்தது என்று அதை ரைசருக்குக் கொடுத்தால் செருகி உருகும், தீயும் பற்றலாம். 75 வாட் தாங்கும் ஆறு ஊசிச் செருகியைத்தான் கொடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டை எந்த வேலைக்கு வைத்தாலும் இது பொருந்தும்.

தேர்ந்தவர்கள் செய்த இன்னொரு வேலை, அட்டையின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்தது! சில்லு உண்ணும் மின்திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதீரியத்துக்கு நினைவக வேகமே முக்கியம் ஆதலால், கணக்கிடும் பகுதியின் வோல்ட்டையும் துடிப்பையும் தாழ்த்தினாலும் ஹாஷ் குறையவில்லை. மின்சாரம் மட்டும் கணிசமாக மிஞ்சியது.

குறைகளும் உண்டு. பழைய பயாஸ் மூன்று நான்கு அட்டைகளுக்கு மேல் முகவரி ஒதுக்கத் தெரியாமல் திணறும். இரட்டை ப்ராசஸர் கொண்ட பெட்டி, சும்மா நிற்கும்போதே நூறு வாட்டுக்கு மேல் உண்ணக்கூடும். ஒரு ப்ராசஸரைக் கழற்றினால் மிச்சப்படும் என்று எண்ணலாம். 2012க்குப் பின் வந்த பல மாடல்களிலோ துளைகளில் சில அந்த ப்ராசஸரோடு நேரே பிணைக்கப்பட்டுள்ளன. அதைக் கழற்றினால் துளையும் செத்துவிடும்.

2022 செப்டம்பர் 15

எதீரியத்தின் அட்டவணை நாளுக்கு நாள் வளர்ந்து கொண்டிருந்தது. 2020 டிசம்பரில் அது 4 ஜிகாபைட்டைக் கடந்தபோது, அந்த அளவு நினைவகம் கொண்ட அட்டைகள் எதீரியம் தோண்டப் பயன்படாமல் போயின. ஆனால் இதைவிடப் பெரிய மாற்றம் பின்னால் காத்திருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தோண்டும் முறையையே விட்டுவிட்டது. நாணயத்தைப் பிணையாக வைப்பவரே பக்கம் எழுதும் புதிய முறைக்கு மாறியது. அதன் மின்செலவு 99.9 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. உலகெங்கும் ஓடிய அட்டைகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று.

அவற்றில் ஒரு பகுதி எதீரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்ற சிறு கிணறுகளை நோக்கி ஓடியது. என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது புரியும். நீர் அதே அளவு, மோட்டார்கள் பன்மடங்கு. ஆளுக்குக் கிடைத்த பங்கு மின்கட்டணத்துக்கும் போதாமல் போயிற்று. 2021இல் எடுத்த வருமானக் கணக்கைக் காட்டி இன்று யாரேனும் பழைய பெட்டியை உங்களிடம் விற்க வந்தால், இந்தத் தேதியை அவருக்கு நினைவூட்டுங்கள்.

ப்ராசஸரால் தோண்டலாம் என்பார்களே?

உண்மைதான். மொனேரோ என்னும் நாணயம் 2019 நவம்பர் முதல் சாதாரண ப்ராசஸருக்கு ஏற்ற ஹாஷ் முறையைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு கணக்கு இழைக்கும் ப்ராசஸருக்குள் 2 மெகாபைட் விரைவு நினைவகம் தேவை. இன்டெல் சியான் இ5-2670 ப்ராசஸரில் 20 மெகாபைட் உண்டு. எனவே பத்து இழைகள் ஓடலாம். இரண்டு ப்ராசஸர் உள்ள பெட்டியில் இருபது. காகிதத்தில் அழகாகவே இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மொனேரோவில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 0.6 நாணயம். ஆகவே ஒரு நாளில் உலகம் முழுமைக்கும் ஊறுவது 432 நாணயம். இதுவரை உறுதியான எண்கள். இனி வருபவை நாளுக்கு நாள் மாறுபவை, கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் பெட்டி வினாடிக்கு 7,000 ஹாஷ், உலக மொத்தம் 500 கோடி ஹாஷ், நாணயத்தின் விலை 25,000 ரூபாய், பெட்டி இழுக்கும் மின்திறன் 300 வாட், மின்சாரம் யூனிட் 8 ரூபாய்.

உங்கள் பங்கு, 7,000ஐ 500 கோடியால் வகுத்து 432ஆல் பெருக்கினால், நாளுக்கு 0.0006 நாணயம். அதன் மதிப்பு 15 ரூபாய். செலவு, 300 வாட் 24 மணிநேரம் ஓடினால் 7.2 யூனிட், 57 ரூபாய் 60 காசு. நாளுக்கு 42 ரூபாய் நட்டம். ஆண்டுக்கு 15,000 ரூபாய்க்கு மேல். இதில் பெட்டியின் விலையை நாம் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இனாமாகக் கிடைத்தாலும் இதே நட்டம்தான். இக்கணக்கு சரிக்கட்ட வேண்டுமானால் மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 10 காசுக்குக் கிடைக்க வேண்டும். நம் வீட்டு மின்கட்டணமோ யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் அடுக்குமுறை. ஏற்கெனவே ஓடும் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின்மேல் மாதம் 216 யூனிட் ஏறும்போது மேலடுக்கு விலைதான் விழும். விடுதியில் மின்சாரம் இலவசந்தானே என்று கேட்கும் மாணவரும் உண்டு. அது இலவசம் அன்று, வேறொருவர் கட்டுகிறார்.

வரியும் உண்டு. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய நாணயங்களை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. வாங்கிய விலையன்றி வேறு எந்தச் செலவையும் கழிக்க இயலாது. தோண்டும் கருவிக்கான செலவை வாங்கிய விலையாக ஏற்க முடியாது என்று அரசு அவ்வாண்டே நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்திவிட்டது.

மேலே வைத்துக்கொண்ட எண்களுக்குப் பதிலாக அன்றன்றைய எண்களைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கிடலாம். நாணய விலை இரு மடங்கானால் தப்பித்துவிடலாமே என்று தோன்றும். விலை ஏறியதும் உறங்கிக் கிடந்த மோட்டார்கள் எல்லாம் ஓடத் தொடங்கும். 500 கோடி என்ற எண் அங்கேயே நிற்காது.

தோண்டுவதை விட்டுவிட்டால் அதே பெட்டி நல்ல பெட்டி. பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் முப்பரிமாணப் படம் செய்யவும், லினக்ஸ் பழகவும், பள்ளி ஆய்வகத்தில் சர்வராக வைக்கவும் அது ஏற்றது. தேவையான சில மணிநேரம் மட்டுமே ஓடுவதால் அதன் மின்பசி அங்கே பெரிதாகத் தெரியாது. அதற்காக வாங்க நினைப்போர் கடைக்குப் போகும்போது, சுவர்ச் செருகியில் மாட்டும் சிறு வாட் மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சும்மா நிற்கும்போது எத்தனை வாட், முழு வேலையில் எத்தனை வாட் என்று அரைமணி நேரம் ஓடவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் மாற்று கிடைக்குமா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். இப்பெட்டிகளின் செருகிகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் பொதுவான எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் அவற்றில் பொருந்தாது.