நாவைக் கட்டிய ஆராய்ச்சி

மேடையேறி மணிக்கணக்கில் முழங்குகிறோம். ஒலிபெருக்கி கரகரத்தால் போதும், மைக்காரர் பாடு திண்டாட்டம்! கம்பியைத் திருகுவார், தட்டுவார், சரியாகிவிடும். ஆனால் தோழர்களே, கருவி கெடாமல் நாக்கே மக்கர் செய்தால்?

அதைச் சீர் செய்யவும் ஒரு படிப்பு உண்டு. பேச்சு, மொழி நோயியல் என்பது அதன் பெயர். அமெரிக்காவிலே அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். ஏட்டைப் புரட்டித் தேர்வெழுதினால் மட்டும் சான்றிதழ் தந்துவிட மாட்டார்கள். 400 மணி நேரம் நேர்முகப் பயிற்சி. அதிலே 375 மணி நேரம் நோயாளிகளோடு! வாதம் தாக்கி வாயடைத்த தொழிலாளிக்கு மனைவியின் பெயரை மறுபடி சொல்லப் பழக்க வேண்டும். தொண்டையில் இறங்க மறுக்கும் கஞ்சியை விழுங்கப் பழக்க வேண்டும். இன்னொருவரின் பேச்சிலே கை வைக்கும் வேலை. ஆகவே மேற்பார்வையாளரும் உண்டு.

கை வைத்தவர் தவறினால் என்னாகும்?

இந்தப் படிப்பு வளர்ந்த தொட்டில்களிலே ஒன்று அயோவா பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராக இருந்த வெண்டல் ஜான்சன், தாமே திக்குவாயர். வலி அறிந்தவர். கெடுமதியாளர் என்று அவரைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. திக்கல் பிறப்பது நாக்கிலே அல்ல, "நீ திக்குகிறாய்" என்று பிறர் சூட்டும் பெயரிலே என்று அவர் எண்ணினார். எண்ணியதைச் சோதிக்க, 1939-இல் மேரி டியூடர் என்ற முதுகலை மாணவியை அனுப்பினார்.

எங்கே அனுப்பினார்? சீமான் வீட்டுப் பிள்ளைகளிடமா? கேள்வி கேட்கத் தாயும் தந்தையும் உள்ள பிள்ளைகளிடமா? இல்லை! டேவன்போர்ட் நகரத்து அநாதை விடுதிக்கு!

22 பிள்ளைகள். அவர்களிலே நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பேரிடம், உனக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் ஓதினார்கள். பிள்ளைகள் திக்குவாயர் ஆகிவிடவில்லை. வேறொன்று நேர்ந்தது. பேசவே அஞ்சினார்கள். கலகலத்த வாய்கள் ஒடுங்கின. மாணவிக்கு மனம் உறுத்தியிருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சென்று, போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை.

ஆய்வேடு அச்சேறவில்லை, பல்கலைக்கழக நூலகத்திலே கிடந்தது. ஜான்சன் 1965-இல் மறைந்தார், புகழோடு. திக்கலுக்கு மரபணுவும் மூளையின் அமைப்பும் காரணமாகின்றன என்று பின்வந்த ஆராய்ச்சி காட்டியது. எந்தக் கருத்துக்காக அந்தப் பிள்ளைகளைப் பணயம் வைத்தார்களோ, அந்தக் கருத்தே நிற்கவில்லை!

2001-இல் ஒரு செய்தித்தாள் சங்கதியை வெளியிட்டது. விடுதிப் பிள்ளைகள் அப்போது முதியவர்கள். தமக்கு நடந்தது சோதனை என்பதையே அப்போதுதான் அறிந்தார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. வழக்கு நடந்தது. 2007-இல் அயோவா மாநில அரசு வழக்குத் தொடுத்தவர்கள் தரப்புக்கு 9,25,000 டாலர் தர இசைந்தது. இறந்துவிட்டவர்களின் பங்கு வாரிசுகளிடம் போய்ச் சேர்ந்தது.