படுக்கைப்புண்ணும் புரதமும்

படுக்கையில் கிடக்கும் ஆச்சிக்கு முதுகில் புண் வந்தால் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது மீனும் முட்டையுந்தான். ‘கிரந்தி’ என்று சொல்லி வெறுங்கஞ்சி கொடுக்கிறோம். இது தவறு. புண்ணை மூடவேண்டிய புதிய தசைக்குப் புரதம் தேவை; புண்ணில் வடியும் நீரோடும் புரதம் போய்விடுகிறது.

மெலிந்துபோன நோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டுமென்கிறது 2019இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி. ஆச்சி 40 கிலோ என்றால் 48 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். முள் நீக்கிய மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20.

வயலில் விளைந்த பயற்றையும் உழுந்தையும் இன்று காசுக்கு வாங்குகிறீர்கள், அறிவேன். தாழ்வுபாட்டுக் கரையில் சூடை மீன் கிடைக்கும் நாளில் அதையாவது அவித்து மசித்துக் கஞ்சியில் கலந்து, நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாக ஊட்டுங்கள். புரட்டிப் படுக்கவைப்பதையும் விடவேண்டாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு வைத்தியரைக் கேட்டே அளவு கூட்டவேண்டும்.