இசைப் பட்டம்: கையெழுத்துப் போடுவது யார்?

இசையமைப்பும் இசைத் தொழில்நுட்பமும் படிக்க விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "இரண்டு வருஷம் பெங்களூரில், மூன்றாம் வருஷம் வெளிநாட்டில், முடித்தால் பட்டம் என்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா?" அல்சூர் வாசகி ஒருவர் விளம்பரத் தாளையே அனுப்பியிருக்கிறார். 'சர்வதேசப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பட்டத்தை யார் தருவார்கள் என்று எங்கும் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் 1956, பிரிவு 22-ன்படி பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். ஸ்டுடியோ எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் தனியார் அகாடமி தருவது டிப்ளமோதான்.

வெளிநாட்டுக் கூட்டுக்கு யுஜிசி 2022-ல் மூன்று வழிகளை வகுத்தது. முதலாவது ட்வின்னிங்: பட்டம் தருவது இந்திய நிறுவனம், வெளிநாட்டில் பெறும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். வரம்பு 36. ஆனால் ஒரு முழு ஆண்டு என்பது 40 கிரெடிட். ஆக, '2+1' என்று விற்கப்படும் படிப்பு கணக்கிலேயே ட்வின்னிங் ஆகாது. ஜாயின்ட் டிகிரி, டூயல் டிகிரி என்ற மற்ற இரண்டில் கணக்கு இடம் கொடுக்கும். ஆனால் அங்கேயும் இந்தியத் தரப்பில் பட்டம் தரும் அதிகாரமுள்ள நிறுவனம் வேண்டும். அகாடமிக்கு மூன்றிலும் இடமில்லை.

பிறகு எப்படி நடத்துகிறார்கள்? அகாடமியின் டிப்ளமோவைப் பார்த்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மாணவரைத் தன் மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறது. இதில் சட்டமீறல் இல்லை. என் கவலை வேறு. விசா மறுக்கப்பட்டாலோ, கடன் கிடைக்காவிட்டாலோ பிள்ளையின் கையில் இருப்பது டிப்ளமோ மட்டும். இங்குள்ள பல்கலைக்கழகம் அதை ஏற்று மூன்றாம் ஆண்டில் சேர்க்கக் கடமைப்பட்டதல்ல. இரண்டு வருஷமும் கட்டிய பணமும் பட்டக் கணக்கில் ஏறாமலே போகலாம். வெளிநாட்டில் முடித்துத் திரும்பினாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்பை இங்குள்ள அகாடமி நடத்தும் ஃபிராஞ்சைஸ் முறையில் பெற்ற பட்டத்துக்கு யுஜிசியின் 2025 விதிகளின்படி, இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று கிடையாது.

இங்கேயே பட்டம் பெற வேண்டுமென்றால், பெங்களூரில் கிறைஸ்ட், ஜெயின் இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். மைசூருவில் கங்குபாய் ஹானகல் இசைப் பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. இவற்றின் பட்டம் பற்றிச் சந்தேகம் வேண்டாம். பாடத்திட்டத்தில் இசையமைப்பும் ஒலிப்பதிவும் எத்தனை தாள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

மற்ற கேள்விகள்:

மூன்றாண்டா, நான்காண்டா? கர்நாடக அரசுப் பல்கலைக்கழகங்கள் 2024-25 முதல் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டன.

கணிதம் வேண்டுமா? பி.டெக். என்றால் பொதுவாக வேண்டும், இசைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் மட்டும் தெரியும், சேரலாமா? சேரலாம், ஆனால் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான மிடியில், ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் ஒரு சேனலுக்கு ஒன்றுதான், அதே சேனலில் கமகத்தை அசைத்தால் சுருதியும் சேர்ந்து ஆடும், அதைப் பிரித்துக் கையாளக் கற்றுத்தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பட்டம் இல்லாமல் வேலை? ஸ்டுடியோவில் கிடைக்கும், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் நெட் தேர்வுக்கும் பட்டங்கள் கட்டாயம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பதில்களை எழுத்தில் வாங்குங்கள்: பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? மூன்றாம் ஆண்டு போக முடியாவிட்டால் என்ன கிடைக்கும்? எழுதித்தர மறுத்தால் சேர்க்காதீர்கள்.