தவறை மன்னிக்கும் சாலை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி காலை, பெஹாலா சௌரஸ்தா அருகே டயமண்ட் ஹார்பர் சாலையில், தந்தையுடன் பள்ளிக்குச் சென்ற இரண்டாம் வகுப்புச் சிறுவன் லாரி மோதி உயிரிழந்தான். தந்தையும் படுகாயம் அடைந்தார். ஆத்திரமடைந்த மக்கள் போலீஸ் வாகனத்துக்குத் தீ வைத்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு அங்கே கூடுதல் போலீசார் நிறுத்தப்பட்டனர், தடுப்புகள் வந்தன, லாரிகள் செல்லும் நேரத்தில் கட்டுப்பாடு வந்தது. எல்லாம் நல்லவைதாம். ஆனால் ஓர் உயிர் போன பின்புதான் இவை வரவேண்டுமா?

விபத்து என்றதும் நாம் முதலில் கேட்பது 'யார் மேல் தப்பு?' என்பதுதான். டிரைவர் மேல் என்போம், அல்லது பார்க்காமல் கடந்தவர் மேல் என்போம். 2016 ஜூலையில் மேற்கு வங்க அரசு தொடங்கிய 'சேஃப் டிரைவ், சேவ் லைஃப்' இயக்கத்தின் பலகைகளை இன்றும் நகரெங்கும் காண்கிறோம். அறிவுரை தேவைதான். ஆயினும் மனிதன் என்றால் ஒரு நொடி கவனம் சிதறத்தான் செய்யும். மாடி வீட்டில் குழந்தை இருந்தால் 'எட்டிப் பார்க்காதே' என்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறோமா? பால்கனிக்குக் கிரில் போடுகிறோம். சாலைக்கும் அப்படி ஒரு கிரில் வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997ல் இதையே கொள்கையாக ஏற்றது. மனிதர் தவறு செய்வர். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது அதைக் கட்டுபவரின் பொறுப்பு என்பது அதன் சாரம்.

கணக்கு எளியது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் என்றால் 8 மீட்டர்தான். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடியாகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் நடந்து செல்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். வேகம் கூடக் கூட அந்த வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடும். ஆகவே பள்ளி, சந்தை, கோயில் உள்ள இடங்களில் வேகம் குறைந்தாக வேண்டும். பலகையை மட்டும் பார்த்து யாரும் குறைப்பதில்லை. கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கினால், திருப்பங்களைக் குறுக்கினால், டிரைவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

சிக்னலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று கணக்கிட்டால், 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி பச்சை விளக்கு போதும். முழங்கால் வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் நம் வீட்டுப் பாட்டிக்கோ 15 நொடி வேண்டும். பத்து நொடி முடியும்போது அவருக்கு இன்னும் 4 மீட்டர் பாக்கி இருக்கும். எதிரே மினி பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். தப்பு பாட்டியின் மேலா, கடிகாரத்தின் மேலா? ஐந்து நொடி கூட்டித் தர வேண்டும். இல்லையேல் சாலை நடுவே ஏறி நிற்க ஒரு திட்டு அமைக்க வேண்டும்.

அப்படி ஒரு திட்டு நமக்கு முன்பு இருந்தது. ராஷ்பிஹாரி அவென்யூவின் நடுவே புல்தரையில் டிராம் தனி வழியில் ஓடிய காலம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். லேக் மார்க்கெட்டில் கறிகாய் வாங்கிய மாமி பாதி சாலையைக் கடந்து, அங்கே நின்று மூச்சு விட்டு, மறுபாதியைப் பார்த்துக் கடக்கலாம். அதைப் பாதுகாப்புத் திட்டம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அது பாதுகாத்தது. பிற்பாடு அந்தத் தனி வழியைக் கான்கிரீட் போட்டு மற்ற வண்டிகளுக்கும் திறந்துவிட்டார்கள். டிராமிலிருந்து இறங்குபவர் ஓடும் வண்டிகளுக்கு நடுவே கால் வைக்க நேர்ந்தது. பாரம்பரிய வழித்தடம் ஒன்று தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. டிராம் போனாலும் அந்த நடுத்திட்டாவது திரும்பி வரவேண்டாமா?

அதேபோல் 2013ல் நகரின் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. வேகமான வண்டியை அடக்குவதற்குப் பதிலாக, மெதுவாகப் போகிறவரை வெளியே அனுப்பும் முறை இது. பால்காரரும் பேப்பர் போடும் பையனும் எங்கே போவார்கள்? சென்னை வேறு வழியில் நடந்து பார்த்தது. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை அம்மாநகராட்சி 2014ல் ஏற்றது. 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. விடுமுறைக்குப் போகும்போது அங்கே நடந்து பாருங்கள். கடைக்காரர் வியாபாரமும் நடக்கிறது, குழந்தையும் பயமின்றி நடக்கிறது.

இங்கே நாம் யாரிடம் கேட்பது? நடைபாதையும் தெருவிளக்கும் கொல்கத்தா மாநகராட்சியின் பொறுப்பு. சிக்னல் டிராஃபிக் போலீசின் பொறுப்பு. ஒருவர் மற்றவரைக் காட்டுவார். எனவே 144 வார்டுகளில் நம் வார்டு எதுவோ அதன் கவுன்சிலருக்கும், பகுதி டிராஃபிக் போலீஸ் அலுவலகத்துக்கும் ஒரே மனுவைக் கொடுப்பது நல்லது. 'சாலையைச் சரி செய்யுங்கள்' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்த முனையில் எத்தனை நொடி பச்சை எரிகிறது, எந்த விளக்கு எரியவில்லை, நடைபாதையில் ஹாக்கர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, நடப்போருக்கு மீதி என்ற விதி எங்கே மீறப்படுகிறது என்று இடம் குறிப்பிட்டு எழுத வேண்டும். ஹாக்கர்களும் பிழைக்க வந்தவர்களே. அவர்களை விரட்டச் சொல்லாமல் அளவைக் காக்கச் சொன்னால் போதும்.

மனுவை வங்காளத்தில் எழுத, பள்ளியில் வங்காளம் படித்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாராவின் பூஜைக் குழுவினரையும் கூட்டிக்கொண்டு போனால் அது 'மதராஸிகளின் புகார்' ஆகாது, தெருவின் கோரிக்கையாகும். அந்தச் சாலையை அவர்கள் வீட்டுப் பாட்டியும்தானே கடக்கிறார்! சங்க அன்பர்கள் ஆளுக்கொரு தெருமுனையில் கடிகாரத்தோடு பத்து நிமிடம் நின்று குறித்து வந்தால், மனுவுக்கு வேண்டிய விவரம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்துவிடும்.