கழிநீரோடு கழியும் வெப்பம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாற்று விரிகுடாவை அண்டிய கிண்ணியாப் பகுதியில் குறிஞ்சாக்கேணி என்னும் ஊர் உள்ளது. கேணி என்ற சொல் ஊரின் பெயரிலேயே அமைந்திருக்கின்றது. கிணற்று நீரை அள்ளி மேலில் வார்த்துக் குளிர்ச்சி காண்பதே இக்கரையோர மக்களின் பழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்கும், கைக்குழந்தைக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும், தள்ளாத முதியோருக்குமே இங்கு அடுப்பில் வெந்நீர் வைப்பர். ஏனையோர் வெந்நீர்க் குளிப்பை விரும்பினால், கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, திருகோணமலைக்கு அப்பால் உள்ள கன்னியாவுக்குச் செல்வர்.

கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழும் நாடறிந்தவை. அவற்றின் சூடு கிணற்றுக்குக் கிணறு சிறிது வேறுபட்டு, ஏறக்குறைய 40 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தை ஏற்று, மீண்டும் மேலே வந்து ஊறுவதனாலேயே இந்நீர் சுடுகின்றது. அதனை வாளியால் அள்ளித் தலையில் வார்ப்போர், காலடியில் வழிந்தோடும் நீரைக் கையால் தொட்டுப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். உடலைத் தழுவிச் சென்ற பின்னரும் அந்நீர் வெந்நீராகவே இருக்கின்றது. அதன் சூட்டில் மிகச் சிறு பங்கே குளித்தவருக்குப் பயன்பட்டது. எஞ்சியது வாய்க்காலோடு போய்விட்டது.

நிலம் இலவசமாகச் சூடேற்றித் தந்த நீராதலின், அதனைக் குறித்து எவரும் வருந்துவதில்லை. ஆயின், மின்சாரத்துக்கோ எரிவாயுவுக்கோ விறகுக்கோ பணம் கொடுத்து மனிதர் சூடாக்கும் நீருக்கும் இதே கதிதான் நேர்கின்றது. குளிர்நாடுகளில் வாழ்வோர் நாள்தோறும் காசு கொடுத்து வெப்பத்தை வாங்கி, சில நொடிகள் உடலில் தாங்கி, அதன் பெரும் பகுதியைக் கழிநீர்க் குழாயில் விட்டுவிடுகின்றனர். அவ்வெப்பத்தை நீரிலிருந்து மீட்டெடுக்க வழி உண்டா என்ற வினாவுக்கு விடையாகத் தோன்றியதே கழிநீர் வெப்ப மீட்பு என்னும் முறை.

முதலில், இழக்கப்படும் வெப்பத்தின் அளவைக் காண்பது தகும். ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை 1 பாகை உயர்த்துவதற்கு ஏறக்குறைய 4.2 கிலோயூல் சக்தி வேண்டும். மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு என்று குறிக்கப்படுவது 3,600 கிலோயூல் ஆகும். ஷவர்க் குழாயின் கீழ் நின்று பத்து நிமிடம் குளிப்பவர் நிமிடத்துக்கு 8 லீற்றர் வீதம் 80 லீற்றர் நீரைச் செலவிடுவதாகக் கொள்ளலாம். இலங்கைத் தமிழர் பலர் குடியேறி வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில், கடுங்குளிர்க் காலத்துக் குழாய்நீர் 5 பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அதனை 40 பாகைக்கு உயர்த்த 35 பாகைச் சூடு ஏற்ற வேண்டும். கணக்கிட்டால் ஒருவரின் ஒரு குளிப்புக்கு 11,760 கிலோயூல், அதாவது மூன்றேகால் அலகுக்குச் சமமான சக்தி செலவாகின்றது. நால்வர் உள்ள இல்லத்தில் ஒரு நாளுக்கு 13 அலகு!

அந்நீர் உடலிலும் காற்றிலும் சிறிது சூட்டை இழந்து தரையை அடையும்போது 35 பாகையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஏற்றிய 35 பாகையில் 5 பாகையே செலவாயிற்று. 30 பாகை அப்படியே வடிகாலில் இறங்குகின்றது. ஏழு ரூபாய் கொடுத்துப் பொருள் வாங்கி, ஒரு ரூபாய்க்குப் பயன்படுத்தி, ஆறு ரூபாய்ப் பெறுமதியைத் தெருவில் வீசுவது போன்றது இது.

இவ்விழப்பைத் தடுக்கும் சாதனம் வியக்கத்தக்க எளிமை உடையது. குளியலறைக்குக் கீழே செங்குத்தாக இறங்கும் கழிநீர்க் குழாயின் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குச் செம்புக் குழாய் ஒன்றைப் பொருத்துவர். அதன் வெளிப்புறத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் குழாய்ச் சுருள் ஒன்று இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். குளித்த வெந்நீர் பெரிய குழாயின் உள்ளே கீழ்நோக்கி இறங்குகின்றது. வீட்டுக்கு வரும் குளிர்ந்த நன்னீர் வெளிச்சுருளில் மேல்நோக்கி ஏறுகின்றது. செங்குத்தான குழாயில் இறங்கும் நீர் நடுவே தாரையாக விழாமல், உட்சுவரைப் பற்றிக்கொண்டு மெல்லிய படலமாக வழிவது இயல்பு. அதனால் அதன் சூடு செம்பின் வழியே விரைந்து வெளிச்சுருளுக்குக் கடக்கின்றது. செம்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் என்பதை அடுக்களையில் செம்புப் பாத்திரம் புழங்கியோர் அறிவர். இச்சாதனத்தில் சுழலும் பொறி இல்லை, மின்சாரம் வேண்டுவதில்லை, தேய்ந்து போகும் உறுப்பும் இல்லை.

தூய்மை பேணும் இல்லத்தாருக்கு இங்கே ஓர் ஐயம் எழும். அழுக்கு நீரும் நன்னீரும் ஒன்று கலந்துவிடாவோ என்பதே அது. அவை ஒருபோதும் கலப்பதில்லை. வெப்பம் மட்டுமே சுவரைக் கடக்கின்றது, நீர் கடப்பதில்லை. குழாயின் சுவர் ஒன்று, சுருளின் சுவர் ஒன்று என இரு சுவர்கள் இடையே நிற்கின்றன. எப்போதாவது ஒன்றில் துளை விழுந்தாலும் நீர் வெளியே கசிந்து கண்ணுக்குத் தெரியுமேயன்றி மற்றதனுள் புகாது. சட்டியின் அடியில் எரியும் தீயின் சூடு குழம்பை அடைகின்றது. புகை குழம்பில் கலப்பதில்லை அன்றோ? அதனைப் போன்றதே இதுவும்.

கழிநீர் கீழே இறங்க, நன்னீர் மேலே ஏறுமாறு அமைத்ததிலும் காரணம் உண்டு. 35 பாகை நீரும் 5 பாகை நீரும் சம அளவில் ஒரே திசையில் அருகருகே ஓடினால், குழாய் எவ்வளவு நீளமாயினும் இரண்டும் நடுவில் உள்ள 20 பாகையைச் சேர்ந்ததும் வெப்ப ஓட்டம் நின்றுவிடும். எதிரெதிராக ஓடினால், சூடேறிய நன்னீர் வெளியேறும் இடத்தில் அதைவிடச் சூடான கழிநீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். வழிநெடுக ஒரு பக்கம் மற்றதைவிடச் சூடாகவே இருத்தலின், வெப்பம் இடையறாது பாய்கின்றது. குழாய் நீள நீள நன்னீரின் சூடு 20 பாகையையும் தாண்டி உயரக்கூடும். நடைமுறையில், வீடுகளில் பொருத்தத்தக்க நீளமுள்ள நல்ல சாதனம் இருக்கின்ற வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மீட்கின்றது. அதாவது 5 பாகையில் வந்த குழாய்நீர் 20 பாகையில் சூடாக்கும் கலத்தையும் ஷவர்க் குழாயையும் சென்றடைகின்றது. மூன்றேகால் அலகு வேண்டிய குளிப்பில் 1.4 அலகு மிச்சமாகின்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய வீடுகளுக்கான சக்திச் சிக்கன விதிகளில் இச்சாதனமும் இடம்பெற்றது.

இந்த எதிரோட்ட முறையை மனிதர் கண்டறிவதற்கு நெடுங்காலம் முன்பே இயற்கை கையாண்டு வந்திருக்கின்றது. அதற்குச் சான்று திருகோணமலைக் கடலிலேயே உண்டு. ஆண்டின் சில மாதங்களில் இத்துறைமுகத்துக்கு வெளியே, கடல் திடீரென ஆழமாகும் பகுதியில், திமிங்கிலங்கள் காணப்படுகின்றன. திமிங்கிலத்தின் உடலைத் தடித்த கொழுப்புப் படை போர்த்தியிருக்கின்றது. துடுப்புகளிலும் வாலிலும் அப்போர்வை மெலிந்தது. அங்கே செல்லும் குருதி குளிர்நீரில் தன் சூட்டை எல்லாம் இழந்துவிட வேண்டும். ஆயின் அவ்விடங்களில், உடலிலிருந்து சூடான குருதியைக் கொண்டு செல்லும் ஒவ்வொரு நாடியையும், குளிர்ந்த குருதியைத் திருப்பிக் கொண்டு வரும் நாளங்கள் பல சூழ்ந்திருக்கின்றன. வெளியே செல்லும் சூடு உள்ளே வரும் குருதிக்கு மாறி, மீண்டும் உடலையே அடைகின்றது. 1955ஆம் ஆண்டில் ஷொலாண்டர், ஷெவில் என்னும் ஆய்வாளர் இருவர் இவ்வமைப்பை விளக்கி எழுதினர்.

இவ்வமைப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. உடலில் சூடு மிகும்போது அவ்விலங்கு அதனை மீட்க முயல்வதில்லை. தோலை ஒட்டிச் செல்லும் வேறு நாளங்களின் வழியே குருதியைத் திருப்பி, மிகுந்த வெப்பத்தைக் கடலில் விட்டுவிடுகின்றது. எப்போது வெப்பத்தைக் காக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்ற பாகுபாடு அங்கே இருக்கின்றது. மனிதர் கற்க வேண்டிய பாடமும் அதுவே.

ஏனெனில், இச்சாதனம் எல்லா வீட்டுக்கும் எல்லா நாட்டுக்கும் ஏற்றது அன்று. கழிநீர் இறங்கும் அதே வேளையில் நன்னீர் ஏறினால்தான் வெப்பம் கைமாறும். ஷவரில் குளிக்கும்போது இரண்டும் ஒருசேர நிகழ்கின்றன. தொட்டியை நிரப்பிக் குளித்துவிட்டுப் பின்னர் திறந்துவிட்டால், சூடான நீர் இறங்கும்போது மேலே ஏறும் நீர் இல்லை, பயனும் இல்லை. வாளியில் வெந்நீர் எடுத்துக் குளிப்போருக்கும் இதே நிலைதான். அன்றியும், குளியலறைக்குக் கீழே செங்குத்துக் குழாய்க்கு இடம் வேண்டும். நிலவறையும் மாடியும் உள்ள கனடிய வீடுகளில் அது எளிது. தரையோடு கட்டிய வீட்டில், குளிக்கும் மேடையின் அடியில் கிடையாக வைக்கும் தட்டையான சாதனமே பொருந்தும். அது மீட்கும் வெப்பமோ குறைவு; சவர்க்காரப் படிவையும் அவ்வப்போது கழுவி நீக்க வேண்டும்.

அப்படியாயின் குறிஞ்சாக்கேணியில் உள்ள ஒரு வீட்டில் இதனைப் பொருத்தலாமா? கணக்கே விடை கூறும். கரையோரத்துக் கிணற்று நீர் இயல்பாகவே 28 பாகை அளவில் இருப்பதாகக் கொண்டால், அதனை 38 பாகை ஆக்க 10 பாகையே வேண்டும். 80 லீற்றருக்கு ஓர் அலகும் செல்லாது. கழிநீர் 35 பாகையில் இறங்கினால் வேறுபாடு 7 பாகை. அதில் பாதியை மீட்டாலும் மிச்சம் மூன்றில் ஓர் அலகுதான். அதுவும் நாள்தோறும் வெந்நீரில் குளிப்போருக்கே. செம்புக் குழாயின் விலை பல ஆண்டுகளிலும் மீளாது. உறவினர் கனடாவில் வைத்திருக்கின்றனர் என்பதற்காக இங்கும் வாங்கி வைப்பது அறிவுடைமை ஆகாது. வெயில் நிறைந்த இம்மாவட்டத்தில் வெந்நீர் வேண்டுவோர், கூரைமேல் சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கிக்கொள்வதே பொருத்தம்.

மலைநாட்டின் கணக்கோ வேறு. நுவரெலியாவில் 15 பாகை நீரை 39 பாகைக்கு உயர்த்திக் குளிப்பவர் 80 லீற்றருக்கு இரண்டேகால் அலகு செலவிடுகின்றார். 34 பாகையில் இறங்கும் கழிநீரிலிருந்து வேறுபாட்டின் பாதியை மீட்டால், குளிப்பு ஒன்றுக்கு 0.9 அலகு அளவில் மிச்சமாகும். காலையில் பல அறைகளில் ஒருங்கே நீர் திறக்கப்படும் மாடி ஹோட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் அது சிறு தொகை அன்று. ஆகவே வெப்பத்தின் பெறுமதி அதன் அளவில் மட்டும் இல்லை. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டிலேயே இருக்கின்றது எனலாம்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு திருகோணமலை மாவட்டத்தை நோக்கினால், குளியலறைக்கு வெளியே வேறு இடங்கள் கண்ணில் படும். புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை ஊறவைத்த வெந்நீர், ஊறல் முடிந்ததும் சூடு முற்றும் ஆறாமலே வடிகாலில் விடப்படுவதுண்டு. அடுத்த கொப்பறைக்கு எடுக்கும் நன்னீரை அதன் சூட்டால் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கினால், அந்த அளவுக்கு உமியோ விறகோ மிஞ்சும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர ஹோட்டல்களில் குளிரூட்டிகள் அறையின் வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டுகின்றன. அதே ஹோட்டல்களில் விருந்தினருக்காக நீரும் சூடாக்கப்படுகின்றது. மீனுக்கு ஐஸ் செய்யும் ஆலையும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து வெளியே எறியும் பொறியே ஆகும். எறியப்படும் வெப்பத்துக்கும், வாங்கப்படும் வெப்பத்துக்கும் இடையே ஒரு குழாயும் ஒரு கலமும் அமைத்தால் போதும் என்னும் இடங்கள் இவை.

2022ஆம் ஆண்டில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்தபோது, மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை எவரும் மறந்திரார். அக்காலத்தில் எரிவாயுவுக்காக வரிசையில் நின்ற இல்லத்தரசிக்கு ஒரு பானை வெந்நீரின் விலை எவ்வளவு என்பதை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இலங்கையின் அனல் மின்னிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரியும் எண்ணெயும் கப்பலேறி வருபவை. வடிகாலில் இறங்கும் ஒவ்வோர் அலகு வெப்பத்துக்குப் பின்னாலும் அத்தகைய செலவு ஒன்று மறைந்து நிற்கக்கூடும்.

சிக்கனம் என்பது பயன்படுத்தாமல் இருப்பது அன்று. பயன்படுத்தியதை மீண்டும் ஒருமுறை பயன்படுத்துவதும் சிக்கனமே. சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாத கைகளுக்கு இது புதிய பாடம் அன்று. வெந்நீர் புழங்கும் ஆலையோ ஹோட்டலோ மருத்துவமனையோ வைத்திருப்போர், செலவுக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் வடிகாலில் ஒருமுறை கை வைத்துப் பார்ப்பது நன்று. அங்கே ஓடும் நீர் உள்ளே வரும் நீரைவிட நன்றாகச் சுடுமாயின், மீட்கத்தக்கது ஒன்று அங்கே போய்க்கொண்டிருக்கின்றது என்பதே பொருள்.