வீட்டுத் தச்சுப் பட்டறை: முதலில் வாங்க வேண்டியவை எவை?

சென்ற பள்ளி விடுமுறையின்போது, தோட்டத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். ஆறாம் ஆண்டில் பயிலும் தம் மகளுக்குப் படிப்பு மேசை ஒன்றைத் தம் கையாலேயே செய்து கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆவல். “வாத்தியாரையா, நூறு சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம், வேறு எதை வாங்கலாம் என்று அவருக்குக் கூறியவற்றையே, பிறருக்கும் பயன்படக்கூடும் என்றெண்ணி இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த புதிதில், நானும் அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் உளிகள் பல இருந்தன. அவற்றைத் தீட்டும் கல் மட்டும் இல்லை. மூன்றே மாதத்தில் உளிகள் மழுங்கின. மழுங்கிய உளி மரத்தில் இறங்காது. இறங்காததால் நாம் வலிந்து அழுத்துகிறோம். அழுத்தும்போது அது வழுக்குகிறது. அப்படி வழுக்கிய உளி என் இடக்கையில் இட்ட தழும்பு இன்றும் உள்ளது. ஆகவே பட்டறைக்கு முதலில் வாங்க வேண்டியது தீட்டுக்கல்லே.

ஒருபுறம் சற்றுக் கரடாகவும், மறுபுறம் மிக நுண்மையாகவும் உள்ள கல் போதும். உளியின் சாய்தளம் ஏறத்தாழ 25 பாகை இருக்கலாம். வெட்டுமுனையை மட்டும் 30 பாகையில் தீட்டினால் கூர் நெடுநேரம் நிற்கும். உளியின் தட்டையான முதுகையும் கல்லில் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இரு பரப்புகள் சந்திக்கும் கோடுதானே கூர் என்பது? ஒரு பரப்பு குறைபட்டால் கூரும் குறைபடும்.

அடுத்து, செய்யப்போகும் பொருளை முன்வைத்துக் கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மேசைக்கு வேண்டிய வேலைகள் ஐந்து: அளத்தல், அறுத்தல், இழைத்தல், இணைத்தல், மெருகிடல்.

அளப்பதற்கு நாடா ஒன்றும் மூலைமட்டம் ஒன்றும் தேவை. மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். நேரான விளிம்புள்ள பலகையில் அதைச் சார்த்திக் கோடு ஒன்று கிழியுங்கள். பின்னர் மட்டத்தைப் புரட்டி வைத்து, அதே இடத்தில் மீண்டும் கிழியுங்கள். இரண்டும் ஒன்றாகப் பொருந்தினால் மட்டம் சரி. விலகினால் அதை வாங்க வேண்டாம்.

அறுப்பதில் இருவகை உண்டு. மரத்தின் நாரைக் குறுக்கே வெட்டும் வாளின் பற்கள் சிறு கத்திகள் போன்றவை. நாரின் போக்கிலேயே பிளக்கும் வாளின் பற்கள் சிற்றுளிகள் போன்றவை. நம் பக்கம் இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய வாள்களும் கிடைக்கின்றன. இழுக்கும்போது தகடு வளையாதாகையால் அதை மெல்லியதாகச் செய்ய முடிகிறது; வெட்டும் குறுகலாக அமைகிறது. கடையில் அளவுக்கு அறுத்த பலகையை வாங்குவோருக்குத் தொடக்கத்தில் குறுக்கு வாள் ஒன்றே போதும்.

இழைப்பதற்குப் பதினான்கு அங்குல நீளமுள்ள இழைப்புளி ஒன்று. இணைப்பதற்கு 6, 12, 25 மில்லிமீட்டர் அகலமுள்ள உளிகள் மூன்று, கொட்டாப்புளி ஒன்று, இறுக்கிகள் நான்கு. இயந்திரம் வேண்டுமென்றால் மின்துளைக்கருவி ஒன்றை மட்டும் வாங்கலாம். கடினமான மரத்தில் முன்னதாகத் துளையிடாமல் திருகாணியை முடுக்கினால் மரம் பிளந்துவிடும்.

இனி மரத்தைப் பற்றிச் சில சொற்கள். பிரேசிலில் தோன்றிய ரப்பர் மரத்தின் 22 நாற்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவ்வினத்தை நம்பியே நம் முன்னோர் இந்நாட்டில் வாழ்ந்தனர். பால் வற்றிய மரத்தை அந்நாளில் விறகாக்கிப் புகைக்கூடத்தில் எரித்தார்கள். அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் துளைக்கும் வண்டுகளும் பற்றிக்கொள்ளும். போரான் உப்புகளை ஊட்டிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே அது நல்ல நாற்காலி மேசை மரமாயிற்று. ஆகவே தோட்டத்தில் வெட்டிக் கிடக்கும் மரத்தை இலவசம் என்று தூக்கி வராதீர்கள். பதப்படுத்திய பலகையையே வாங்குங்கள். மெராந்தியும் இழைக்க எளியது. பாலாவ் வெளி வேலைக்கு உறுதியானது. ஆனால் புதியவர் கைக்கு மிகக் கடினம்.

துணைப்பொருள்கள் சிலவே. வெள்ளைப் பசை, திருகாணிகள், 80, 120, 180, 240 எண்ணுள்ள உப்புத்தாள்கள், மெருகெண்ணெய். பசையின் நீரை மரம் உறிஞ்சுவதாலேயே அது இறுகுகிறது. எனவே இடைவெளியின்றி இறுக்கி வைத்து, ஒரு நாள் கழித்தே பாரம் ஏற்ற வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிவது பெரும் பிழை. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள். மரத்தூளையும் எளிதாக எண்ண வேண்டாம். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் அதைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் சேர்த்தது. முகமூடி அணிந்து, குழந்தைகளை விலக்கி, காற்றோட்டமான அஞ்சடியில் வேலை செய்க.

நம் நாட்டின் ஈரக்காற்றும் கையின் வியர்வையும் இரும்புக்குப் பகை. வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெயைச் சிறிது பூசி வைத்தால் துரு அணுகாது. பெட்டிச் சாமான்கள் நூறையும் இப்படிப் பேண யாருக்குப் பொழுதிருக்கிறது? பத்துப் பன்னிரண்டு என்றால் பேணலாம்.

அந்த அன்பர் பெட்டியை வாங்கவில்லை. தீட்டுக்கல்லில் தொடங்கி, மேற்கூறியவற்றை இரு மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தார். மேசை முடிந்தது. ஒரு கால் சற்றே ஆடியது. இழைப்புளியால் இருமுறை சீவி அவரே சரிசெய்தார். இப்போது மகள் புத்தக அலமாரி கேட்கிறாளாம். அதற்கு வேண்டிய கருவி எது என்று கேட்க மீண்டும் வந்தார். ஒரு பொருளைச் செய்து முடித்தவருக்கே அடுத்த கருவி எது என்பது தெரியவருகிறது.