கடற்கரையிலிருந்து சீதையின் மலைக்கு

2012ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, முன்னேஸ்வரம் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திவிட்டு, நானும் கணவரும் ஒரு பழைய பஜாஜ் மோட்டார் சைக்கிளில் மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். எட்டு வயது மகளை மாமியிடம் விட்டிருந்தோம். “என்ன அலுவலாப் போறியள்?” என்று மாமி மூன்று தரம் கேட்டுவிட்டார். அலுவல் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சீதையம்மன் கோயிலுக்கு என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல.

அலுவல் இல்லாமல் நாங்கள் வீதியில் இறங்கியது அதுவே முதல் தடவை. மோட்டார் சைக்கிள் என்றால் எங்களுக்குக் காயப்பட்டவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவது. 1990களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் அது இருமி இருமி ஓடியதை யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் மறந்திருக்கமாட்டீர்கள். 2009 வைகாசியில் நாங்கள் பிரிந்தோம். நான் மகளோடு செட்டிகுளம் முகாமில், அவர் தடுப்பில். 2011இல் அவர் வந்து சேர்ந்தபின், உறவினர் ஒருவரின் தயவில் முன்னேஸ்வரத்தில் குடியிருந்தோம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை.

முன்னேஸ்வரத்தின் கதையே ஒரு கணவன் மனைவி பயணத்தின் கதைதான். இராவணனைக் கொன்றுவிட்டு இராமர் சீதையுடன் புஷ்பக விமானத்தில் திரும்பும்போது, இவ்விடத்தில் பிரமகத்தி தோஷம் தம்மைத் தொடராததை உணர்ந்து இறங்கி வழிபட்டார் என்பது ஐதிகம். பிறகு மானாவரி, திருக்கோணேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், இராமேஸ்வரம் என்று இலிங்கம் வைத்து வணங்கிக்கொண்டே போனாராம். 1578இல் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்தார்கள். 1753இல் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் திருப்பணி செய்வித்தான். இன்றும் சிங்களத் தாய்மாரும் எங்களோடு பக்கத்தில் நின்று விளக்கேற்றுகிறார்கள். இராமருடைய தோஷம் எங்கே நீங்கியது என்று தலபுராணம் சொல்கிறது. நெருப்பில் இறங்கி எழுந்த சீதையிடம் அவர் வழியில் என்ன கதைத்தார் என்று மட்டும் சொல்லவில்லை. அவர்கள் வந்த வழியில் நாங்கள் எதிர்த்திசையாகப் போனோம், அவ்வளவுதான்.

சீதா எலிய வரை ஏறக்குறைய 200 கிலோமீற்றர். வாரியபொல வரை தென்னந்தோட்டங்கள்தான். ரயர்களுக்குக் காற்றும், செயினுக்கு எண்ணெயும், பிறேக்கும் முதல்நாளே பார்த்து வைத்திருந்தோம். சேலையோடு ஒரு பக்கமாக இருந்து நெடுந்தூரம் போவது ஆபத்து. தலைப்பு செயினில் சுற்றி விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெற் கட்டாயம். நாடியின் கீழ்ப் பட்டியைப் பூட்டாவிட்டால் அதைப் போட்டும் பயனில்லை.

குருநாகல் தாண்டிக் கலகெதர ஏற்றத்துக்கு முன்பு பொலிஸார் கை காட்டினார்கள். நிற்பதற்கு முன்பே என் கை அடையாள அட்டையைத் தேடிப் பைக்குள் போய்விட்டது. அவர் முதுகு விறைத்ததை என் நெஞ்சு உணர்ந்தது. பொலிஸ்காரர் லைசன்ஸையும் இன்சூரன்ஸையும் பார்த்தார், “போகலாம்” என்று தலையாட்டினார். அரைக் கிலோமீற்றர் போய் ஒரு கடையில் பிளேன்ரீ குடிக்க இறங்கியபோது இருவருக்கும் கை நடுங்கியது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்தோம். “இந்தத் தண்ணி மூதூர்ப் பக்கம் போய்த்தான் கடலிலை விழுது” என்றார். பேராதனை, கம்பளை, புசல்லாவை. அதற்குமேல் ஏற்றந்தான். நூறு சி.சி. வண்டியில் இரண்டு பேர், இரண்டாவது கியர், மாட்டுவண்டி வேகம். காற்றுச் சத்தம் குறைந்தது. இருபுறமும் தேயிலை. முகத்தைப் பாராமல் முதுகோடு கதைப்பது எவ்வளவு இலகு என்று அன்றுதான் அறிந்தேன்.

“தடுப்பிலை உங்களுக்கு அடிச்சவையே?”

இரண்டு வளைவு வரை பதிலில்லை. கேட்டிருக்கக்கூடாதோ என்று தவித்தேன். பிறகு அவர் வீதியைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். றம்பொடையில் சின்மயா மிஷனின் அனுமன் கோயில் வரும் வரை சொன்னார். சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயரம். கடற்கரைச் சட்டையோடு போன எங்களுக்குப் பல் கிட்டியது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து குடியேறின. அப்படி வந்த எங்கள் பழைய அயலவர் ஒருவரின் உறவினர் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். இரவு தங்க அவர்கள் இடம் தந்தார்கள், கம்பளியும் தந்தார்கள்.

மறுநாள் காலை சீதா எலிய. ஹக்கலைப் பூங்காவுக்குக் கிட்ட, வீதியோரத்தில், ஓடைக்கரையில் இருக்கிறது சீதையம்மன் கோயில். 2024இல் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. பாறையில் உள்ள குழிகளை அனுமனின் பாதச்சுவடு என்கிறார்கள். சிறையிருந்த இடத்திலேயே ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. துணையில்லாத சகோதரிகள் இதை வாசித்து மனம் நோகவேண்டாம். நான்கு பெண்கள் ஓர் ஓட்டோவைப் பேசிப் பிடித்துக்கொண்டு அங்கே வந்திருந்தார்கள். எங்களைவிட அதிகமாகச் சிரித்தவர்கள் அவர்கள்தான்.

இறக்கத்தில் நான் ஓட்டினேன். அவருடைய வலது முழங்காலில் ஷெல் துண்டு இருக்கிறது. பின் பிறேக் வலது காலில் அல்லவா? ஏற்றத்தில் சமாளிக்கலாம், இறக்கத்தில் கால் மரத்துவிடும். நான் 2003இல் கிளிநொச்சியில் ஓடப் பழகியவள். நியூற்றலில் விட்டு இறங்கவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிறேக்கும் சூடேறாது. எதிரே வந்த பஸ்காரர்களில் சிலர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

றம்பொடைக்குக் கீழே, பின்னாலிருந்து அவர் சொன்னார்: “இஞ்சேரும், முகாமிலை உமக்கு என்ன நடந்ததெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. சொல்ல விருப்பமெண்டால் சொல்லும். சொல்லாட்டிலும் ஒண்டுமில்லை.”

நான் உடனே சொல்லவில்லை. வளைவுகள் முடியட்டும் என்றேன். புசல்லாவையில் பெற்றோல் அடித்தோம். அங்கிருந்து கம்பளை வரை நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்திருந்தார். பேராதனையில் அவர் ஓட்ட வாங்கினார்.

முன்னேஸ்வரம் வந்து சேர இரவு எட்டு மணி. மகள் நித்திரை. “கோயில் எப்பிடி?” என்று மாமி கேட்டார். “சரியான குளிர் மாமி” என்றேன். அவர் கிணற்றடியில் ரயரில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வண்டியை விற்கும்வரை இன்னும் இரண்டு தரம் மலைக்குப் போனோம். அந்த இரண்டு தரமும் மாமி என்ன அலுவல் என்று கேட்கவில்லை.